சொன்னதைச் செய்கிற பிள்ளைகள்

"இந்தப் பிள்ளைய மாத்திக் குடுங்க மேடம்," என்றாள் சுடரொளி.

வேதமணி மேடம் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கையால் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"எந்தப் பிள்ள?"

"ஜெபக்கனி."

சுடரொளிக்கு நர்சிங் படிப்பில் கடைசி வருடம். ஒரு வாரம் ஆண்கள் வார்டைப் பொறுப்பேற்று நடத்திக் காட்ட வேண்டும். இரண்டாம் வருடப் பிள்ளைகள் நான்கு பேர் அவளுக்குக் கீழே. அதைப் பார்த்து மேடம் "சரி" என்று சொன்னால்தான் படிப்பு முடியும். படிப்பு முடிந்தால்தான் கவுன்சிலில் பதிவு. பதிவு இருந்தால்தான் வேலை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி மாதக் கடைசிவரை அவளுக்காக ஓர் இடத்தை வைத்திருந்தது.

மேடமோ அந்தச் "சரி"யை லேசில் செலவழிக்கிற ஆள் இல்லை.

"ஜெபக்கனி என்ன செஞ்சா?"

"எதச் சொன்னாலும் கேள்வி கேக்கா மேடம். பெட்ஷீட்ட மாத்துன்னா, பக்கத்துல புண்ணக் கட்டுறாங்களே, தூசி பறக்காதான்னு கேக்கா. மாத்திரை குடுன்னா, இவரு இப்பத்தான் வாந்தி எடுத்தாருன்னு சொல்லுதா. பேஷண்டுங்க முன்னால என் மானம் போகுது."

"கேட்டது தப்பா?"

"தப்பில்ல. ஆனா நேரம் போகுதே. மத்த மூணு பேரும் அப்படியா இருக்காங்க?"

அது உண்மைதான். மற்ற மூவரும் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்கள். அதிலும் முப்பிடாதி என்று ஒருத்தி இருந்தாள். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றும்.

"லீடர்னா, சொன்னாக் கேக்குற ஆளுங்க வேணும்லா மேடம்?"

மேடம் விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொண்டார். வார்டுப் பக்கம் பார்த்து, "ஜெபக்கனி!" என்று கூப்பிட்டார்.

அவள் ஓடி வந்தாள். மற்ற மூவரும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நாளையில இருந்து நீ பெண்கள் வார்டுக்குப் போ."

"ஏன் மேடம்?"

"உங்க அக்கா கேட்டுக்கிட்டா."

ஜெபக்கனி சுடரொளியை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள்.

தலையிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது சுடரொளிக்கு. பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் வார்டு முனகாமல் நடந்தது. எதைச் சொன்னாலும் "சரிக்கா." எங்கே அனுப்பினாலும் "சரிக்கா." மேடம் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக் காட்ட வேண்டும் என்று சுடரொளிக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது.

"முப்பிடாதி, ஜன்னலோரத்து அண்ணாச்சிக்கு இன்சுலின் போட்டுரு."

"சரிக்கா."

ஜன்னலோரத்தில் படுத்திருந்தவர் சர்க்கரைக்காரர். காலில் ஆறாத புண். முப்பிடாதி அவர் பெயரைக் கேட்டாள். மருந்தை ஊசியில் எடுத்துச் சுடரொளியிடம் காட்டினாள். அளவு சரி. ஆளும் சரி. அவர் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ஊசியைக் கொண்டுபோனாள்.

துடைத்த இடத்தை ஓர் உள்ளங்கை வந்து மூடியது.

மேடம். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"அளவு பாத்துட்டேன் மேடம். சரியாத்தான் இருக்கு," என்றாள் சுடரொளி.

மேடம் கையை எடுக்கவில்லை. வாசலைப் பார்த்தார். சுடரொளியும் பார்த்தாள். வாசலில் ஒன்றுமே இல்லை.

அந்நேரம் அங்கே டிபன் வண்டி நின்றிருக்க வேண்டும்.

இன்சுலின் போட்டால் பின்னாலேயே சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். அதனால் சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியையே தொட வேண்டும். இது தெரியாத நர்சிங் பிள்ளை கிடையாது. சுடரொளியே இதை ஜூனியர்களுக்குப் பாடமாக எடுத்திருக்கிறாள்.

படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் நின்னுபோச்சாம் மேடம். வண்டி கீழயே நிக்கி. தட்டுகளக் கையிலயே மாடிக்குத் தூக்கிட்டு வரச் சொல்லிருக்கேன்."

"அப்போ இட்லி இப்போதைக்குக் கெடயாதா தாயீ?" என்றார் அண்ணாச்சி. அவர் கவலை அவருக்கு.

மேடத்தின் "சரி" இனிக் கிடைக்காது என்று சுடரொளிக்குத் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூர் போனது போனதுதான். ஆனால் அதைவிட, ஸ்பிரிட் இன்னும் காயாத அண்ணாச்சியின் கையைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மேடம், நான் ஃபெயிலா?"

"என்கிட்ட ஏன் கேக்க?" என்றார் மேடம். முப்பிடாதியைக் கண்ணால் காட்டினார்.

முப்பிடாதி பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றிருந்தாள். கையில் இன்னும் அந்த ஊசி.

"ஏட்டி, லிஃப்ட் ஓடலன்னு உனக்குத் தெரியுமா?" என்று அவளிடம் கேட்டாள் சுடரொளி.

"தெரியும்க்கா. ஸ்பிரிட் வாங்கிட்டுப் படியேறித்தான வந்தேன்."

"வண்டி கீழ நிக்கிறதப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சாப்பாடு வராம ஊசி போடக் கூடாதுன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு ஏன் வாயே தொறக்கல?"

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள். சுடரொளி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுட்டி!"

"வாயத் தொறந்த பிள்ளையத்தானக்கா நேத்து மாத்துனீங்க."