கோட்டுக்கு வெளியே இருவர்

உங்களோடு ஒரே வேலையைச் செய்கிற ஒருவர், ஒரு நாள் உங்களைவிட அதை நன்றாகச் செய்துவிட்டார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் உங்கள் மனத்தில் ஓடியது என்ன? விடையை எவரிடமும் சொல்ல வேண்டாம். உள்ளேயே வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேளுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு கூடைப்பந்து அரங்கம் இருந்தது. அதன் மரத்தரையில், கூடையைச் சுற்றி வில்லாக வளைந்து கிடந்தது ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே நின்று எறிந்த பந்து கூடையில் விழுந்தால் மூன்று புள்ளி. கால் நுனி கோட்டில் பட்டுவிட்டால் இரண்டுதான். தரையோடு தரையாகக் கிடந்த அந்தக் கோட்டின் பார்வை, மனிதர்களின் முழங்காலுக்கு மேலே ஏறாது. ஆதலால் அது எல்லாரையும் பாதங்களைக் கொண்டே அறிந்திருந்தது.

அங்கே நொய்யல் வேங்கைகள் என்றொரு தொழில்முறை அணி விளையாடி வந்தது. பாரிவேள், எட்வின் என்ற இருவர் அதில் இருந்தார்கள். சுவரொட்டியில் அவர்கள் முகம் வராது. ஆட்டத்தின் நடுவில் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார்கள். தொலைவில் நின்று எறிவார்கள். வேலை முடிந்ததும் மீண்டும் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வேலையில் அவர்களுக்கு இணை அந்த அணியில் வேறு எவரும் இல்லை.

இருவரும் ஒரே மாதிரி எறிபவர்கள் அல்லர். பாரிவேளின் பாதங்கள் ஓடிவந்து, தரையைத் தொட்டதும் தொடாததுமாக எழும்பிவிடும். எட்வினின் பாதங்களோ மூலையில் ஆணி அடித்ததுபோல் காத்திருக்கும். பந்து கைக்கு வந்து சேர்ந்த பிறகே குதிகால் தரையை விடும். கோட்டுக்கு இருவரையும் பிடிக்கும். இருவருமே அதை மிதித்ததில்லை.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு இவர்கள் இருவரும் தங்குவது வழக்கம். ஒருவன் எறிவான். மற்றவன் கூடையின் கீழே நின்று, விழுகிற பந்தை எடுத்து அவன் கைக்கு அனுப்புவான். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள்.

"ஏல பாரி, முழங்கைய ஒடுக்கி வையி. விசிறி மாதிரி விரியுது" என்பான் தூத்துக்குடிக்காரனான எட்வின்.

"நீ மொதல்ல பந்த நெஞ்சுக்குக் குடுடா. முட்டிக்குக் குடுத்துப்போட்டு முழங்கையப் பேசறான்."

"குனிஞ்சு எடு மக்கா, தொப்பையாவது கொறையும்."

அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கோடு நிம்மதியாகக் கிடக்கும்.

ஓர் ஆண்டு, சுவரில் புதிய புள்ளிப் பலகை ஒன்று ஏறியது. அணியின் புள்ளியையும் மீதி நேரத்தையும் மட்டும் அது காட்டவில்லை. எவன் எத்தனை எறிந்தான், எத்தனை விழுந்தது, நூற்றுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் நேரே சிவப்பு விளக்கில் எழுதியது. அதே வாரத்தில் பயிற்சியாளர் குலோத்துங்கன் இருவரையும் அழைத்தார்.

"அடுத்த சீசனுக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் எடம்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. இறுதிப் போட்டி முடிஞ்சதும் பேரைச் சொல்லுவாங்களாம். எம்மேல வருத்தப்படாதீங்கப்பா" என்றார்.

இருவரும் தலையாட்டினார்கள். இருவருடைய கண்களும் சுவரை நோக்கி ஏறின.

அன்று மாலை பலகை வாய் திறந்தது. "இனி இந்த அரங்கில் வழக்கே எழாது. பாரிவேள் மேலே, எட்வின் கீழே. தீர்ப்பு முடிந்தது."

கூடையில் தொங்கிய வலைக்குக் கோபம் வந்தது. "என்ன கண்டாய் நீ? எட்வினின் பந்து வருவதே எனக்குத் தெரியாது. வளையத்தைத் தொடாமல் பட்டுப்போல் நழுவி விழும். பாரிவேளின் பந்தோ, பந்தி முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்த மாமனைப்போல, வாசலில் நாலு சத்தம் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரும்."

"அழகுக்குப் புள்ளி கிடையாது அம்மா. விழுந்ததா, இல்லையா?"

கோடு மெல்லக் கேட்டது: "பாரிவேள் எறியும்போது கீழே நின்று எடுத்துக் கொடுப்பவன் எட்வின். எட்வின் எறியும்போது எடுத்துக் கொடுப்பவன் பாரிவேள். அதை எங்கே எழுதுகிறாய்?"

"எடுத்துக் கொடுத்ததை எழுத என்னிடம் இடமில்லை" என்றது பலகை.

மறுநாள் பயிற்சிக்குப் பின், எட்வின் கூடையின் கீழே பந்தோடு நின்றான். பாரிவேள் கையை நீட்டினான். எட்வின் ஒருமுறை பலகையைப் பார்த்தான். பாரிவேளின் கைக்குத் தான் அனுப்பும் ஒவ்வொரு பந்தும் அங்கே தன் பெயருக்கு மேலே போய் உட்காருகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்குக் கொஞ்சம் சோலி கெடக்கு மக்கா" என்று பந்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனான்.

பாரிவேள் அந்தப் பந்தைத் தானே எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் எவருக்கும் சொல்லாமல் விடிந்ததுமே வந்து தனியாக எறிந்தான். எட்வின் மதியம் வந்து தனியாக எறிந்தான். ஒருவன் வரும் நேரம் மற்றவனுக்குத் தெரியாதபடி இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

கோட்டுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு முறை எறிந்த பிறகும் பாதங்கள் கூடைவரை ஓடின. பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடின. மூச்சு அடங்குமுன் மீண்டும் எழும்பின. எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தபோது எறிவதற்கென்று இருந்த கால்கள், இப்போது ஓடியே சோர்ந்தன. சோர்ந்த கால்கள் கூடையை நெருங்கப் பார்த்தன. பாரிவேளின் கட்டைவிரல் நுனி கோட்டின் விளிம்பில் ஏறியது. சில நாளில் எட்வினின் பாதமும் ஏறியது.

"ஐயா, பின்னால் நில்லுங்கள்!" என்று கோடு கதறியது. பெயிண்டின் குரல் யார் காதில் விழும்?

ஒரு லீக் ஆட்டத்தில் எட்வின் எறிந்தது கூடையில் விழுந்தது. நடுவர் தரையைச் சுட்டிக்காட்டி இரண்டு விரல்களை உயர்த்தினார். அந்த ஒரு புள்ளியில் ஆட்டம் கைநழுவிப் போனது. முழங்கையை ஒடுக்கச் சொல்ல ஆளில்லாத பாரிவேளின் எறிதல்களும் வளையத்தில் மோதித் திரும்பின. பலகையில் இரண்டு பெயர்களுக்கும் நேரே இருந்த எண்கள் ஒன்றாகச் சரிந்தன.

"இருந்தாலும் பாரிவேள்தான் மேலே" என்றது பலகை.

"இருவரும் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். எவன் தலை மேலே தெரிகிறது என்றா பார்க்கிறாய்?" என்றது கோடு.

எப்படியோ அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. அரங்கம் நிறைந்த ஒரு மாலை. வேங்கைகள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு தாக்குதலுக்கான நேரம். குலோத்துங்கன் இருவரையும் களத்தில் இறக்கினார்.

பந்து பாரிவேளிடம் வந்தது. எதிரணியினர் இருவர் அவன்மேல் பாய்ந்தார்கள். மூலையில் எட்வின் தனியாக நின்றான்.

"பாரி! மக்கா! இங்கன குடு!"

கோடு இரண்டு இடத்திலும் காத்துக் கிடந்தது. மூலையில் எட்வினின் பாதங்கள் பழையபடி ஆணி அடித்து நின்றன, கோட்டுக்கு நன்றாக வெளியே. இந்தப் பக்கம் பாரிவேளின் உள்ளங்கால் எழும்பவும் இல்லை, திரும்பவும் இல்லை. தரையில் ஒட்டியதுபோல் நின்றது. பிறகு சட்டென்று திரும்பியது. பந்து பறந்தது. எட்வினின் குதிகால் தரையை விட்டது.

சைரன் ஒலித்தது.

"விழுந்தது! வளையத்தைத் தொடவே இல்லை!" என்று வலை துள்ளிக் கூவியது.

ஆனால் கூடை மாட்டிய பலகையைச் சுற்றி, நேரம் முடிந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தபோது பந்து எட்வினின் விரல்நுனியில்தான் இருந்தது. நடுவர் கைகளைக் குறுக்கே வீசினார். புள்ளி இல்லை. ஆட்டம் முடிந்தது.

பந்து உருண்டு வந்து கோட்டின்மேல் நின்றது.

"வழியில் எங்கே தங்கினாய்?" என்று கேட்டது கோடு.

"வழியில் தங்கவில்லை. பாரிவேளின் கையில் தங்கினேன். அவன் எட்வினைப் பார்த்தான். உடனே கொடுத்திருந்தால் நேரம் இருந்தது. இடையில் ஒருமுறை பலகையைப் பார்த்தான்."

பலகை தாழ்ந்த குரலில் சொன்னது: "பார்த்தவன், ஓடிக்கொண்டிருந்த நேரத்தையாவது பார்த்திருக்கலாம். தன் பெயரைத்தான் பார்த்தான்."

மறுநாள் காலை நிர்வாகம் பெயரை அறிவித்தது. எண்களின்படி பாரிவேள் ஒரு படி மேலே இருந்தான். இடம் அவனுக்கே. எட்வின் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான்.

பாரிவேள் அரங்கத்துக்கு வந்தான். இனி மறைந்து வர வேண்டியதில்லை. போட்டிக்கு ஆளும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று ஒன்று எறிந்தான். வளையத்தில் மோதிப் பந்து மூலைக்கு உருண்டது. பழக்கத்தில் அவன் கை, எடுத்துக் கொடுப்பவனை எதிர்பார்த்து நீண்டது. நீண்ட கை நீண்டபடியே இருந்தது. பந்து கிடந்த இடத்தில், எட்வின் நின்று நின்று தரையின் பளபளப்பு தேய்ந்திருந்தது.

பாரிவேள் கோட்டருகே உட்கார்ந்து கைப்பேசியை எடுத்து எட்வினை அழைத்தான்.

"மாப்ள, பஸ்ஸு எத்தனை மணிக்குடா?"

"கெளம்பப் போவுது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல ஏறி உக்காந்துட்டேன். என்னல இப்பப் போயி?"

"எறங்குடா."

"எதுக்கு?"

"எறங்குடா சொல்றன்ல! நேத்தைக்கு உனக்குக் குடுக்க வேண்டியத நான் கையில வெச்சுட்டு நின்னுட்டேன். அத உன்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். நீ எந்த ஊர் டீமுக்குப் போய் நின்னாலும், லீவு நாள்ல வந்து கீழ நின்னு எடுத்துக் குடுக்கறேன். எறங்கு, வந்துட்டே இருக்கறேன்."

எதிர்முனையில் பஸ்ஸின் உறுமலுக்கு நடுவே எட்வினின் குரல் வந்தது. "அந்த முழங்கைய ஒடுக்கிட்டு வால, முட்டாப்பயலே."

பாரிவேள் ஷூ நாடாவைக்கூடக் கட்டாமல் எழுந்து ஓடினான்.

"எங்கே ஓடுகிறான்?" என்று கேட்டது கோடு.

உயரத்தில் இருந்த வலை சாளரத்தின் வழியே பார்த்துச் சொன்னது: "வாசலில் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறான்."

"போகும்போது பலகையைப் பார்த்தானா?"

"இல்லை."

அன்பரே, முதலில் கேட்ட கேள்விக்கு வைத்திருந்த விடையை இப்போது எடுத்துப் பாருங்கள். உங்கள் கையிலும் ஒரு பந்து இருக்கிறது. ஒரு பாராட்டு, ஓர் உதவி, 'நீ என்னைவிட நன்றாகச் செய்தாய்' என்ற ஒரு சொல். மூலையில் ஒருவர் கையை நீட்டி நிற்கிறார். சைரன் ஒலித்த பிறகு கொடுப்பது கணக்கில் சேராது. நாளை என்று வைக்காதீர்கள். இன்றே, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய்க் கொடுத்துவிடுங்கள்.