ஆட்டுக்கல் பலூன் ஏறிய கதை

முடுக்கன்குறிச்சி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆண்டவன் அறிவு கொடுக்காமல் இல்லை. எல்லாருக்கும் கொடுத்த மாதிரிதான் கொடுத்தான். எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று அவர்கள்தான் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அங்கே தவசி, வேம்பு, இசக்கி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் நினைக்க மாட்டார்கள். நினைக்கிற பழக்கமே அவ்வளவாக இல்லை.

மூத்தவன் தவசிக்கு அதே ஊர் செண்பகத்தின் மேல் பிரியம். செண்பகத்துக்கும் அவன் மேல் பிரியம்தான். அவளுடைய அப்பா கோமதிநாயகம்தான் பிடி கொடுக்கவில்லை.

"உங்களை நம்பி எப்படிய்யா பொண்ணு தாரது? போன வருசம் குற்றாலம் போனீங்க. தண்ணி விழும்போது குளிங்கன்னு எவனோ சொன்னான். தண்ணியே இல்லாத மாசத்துல உடம்பு பூரா சோப்பைப் போட்டுட்டு பாறையில நின்னீங்க. போலீஸ் வந்துல்லா கூட்டிட்டு வந்தான்!"

"சோப்பு காயலையே மாமா," என்றான் தவசி. "அதான் நின்னோம்."

கோமதிநாயகம் கண்ணை மூடி, குலசாமியைக் கும்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்தப் பொங்கல் லீவுக்கும் எங்கயோ போறீங்களாமே. போயிட்டு வாங்க. ஒரு வம்பையும் இழுக்காம, போன மாதிரியே திரும்பி வந்துட்டா பொண்ணு தாரேன். கொஞ்சம் மாறி வந்தாலும் செண்பகத்தை மறந்துரு."

தவசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. போன மாதிரியே திரும்பி வருவது என்பது சின்ன விஷயமா?

பொள்ளாச்சிப் பக்கம் பலூனில் ஏற்றிக்கொண்டு போய் மலை, அணை, தென்னந்தோப்பு எல்லாம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அங்கேதான் பயணம். விடியற்காலம் மூன்று பேரும் வாசலில் இறங்கியதும் வேம்பு நின்றுவிட்டான்.

"அண்ணே, மூணு பேரா புறப்படக்கூடாதே! காரியம் விளங்காதே!"

நம் பக்கத்தில் மூன்று பேராகப் புறப்பட்டால், ஒரு கூழாங்கல்லை நாலாவது ஆள் என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். இசக்கியும் ஒரு கல்லை எடுத்தான். வேம்பு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை ஆளுன்னு சொன்னா சாமி நம்புமா? அண்ணன் கல்யாண விஷயம். ஆளுன்னா ஆள் மாதிரி இருக்க வேண்டாமா?"

ஆகவே வீட்டுக்குள் போய் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தார்கள். குழவியையும் எடுக்கலாமா என்று யோசித்தார்கள். எடுத்தால் ஐந்தாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கல் அவர்களுடைய அம்மா கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்தது. வயதில் இவர்களுக்கு மூத்தது. அதனால் மரியாதையாகப் பெரியவர் என்று அழைத்தார்கள். சட்டை மாட்டி, வேட்டி சுற்றி, மேலே ஒரு துண்டும் போட்டார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டு, "லக்கேஜா?" என்றார்.

"ஆளு," என்றான் இசக்கி.

கண்டக்டர் பல வருடம் அந்த ரூட்டில் ஓடியவர். நாலு டிக்கெட் கிழித்தார். பெரியவருக்கு ஜன்னல் ஓரம்.

பலூன் மைதானத்தில் தேவராஜ் என்று ஒரு தம்பி. அவர்தான் பலூன் ஓட்டுபவர். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மரியாதையான பிள்ளை.

"வாங்கண்ணா! கூடையில என்னையச் சேர்க்காம மூணு பேருதானுங்க ஏறலாம். இந்தக் கல்லைக் கீழ வச்சிருங்க."

"பெரியவரைக் கீழ விட்டா நாங்க மூணு பேரா ஆயிருவோமே," என்றான் தவசி.

"செரி, அப்ப உங்கள்ல ஒருத்தர் நில்லுங்க."

"இசக்கி நின்னா நான், வேம்பு, பெரியவர். அதுவும் மூணுதானே!"

தேவராஜுக்குத் தலை சுற்றியது. அடுத்த கூட்டம் வேறு காத்திருந்தது. "நான் ஒருத்தன் கூட வர்றேனல்லங்க, நாலாச்சே," என்றார், சும்மா வாயை விட்டு.

மூவரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

தவசியும் வேம்பும் பெரியவரைத் தூக்கிக் கூடைக்குள் உட்கார வைத்துவிட்டு ஏறினார்கள். இசக்கி வெளியே நின்றான். அங்கே வேலை செய்த ஓர் ஆள் அவனிடம், "இந்தக் கயித்தை ஒரு நிமிசம் புடிங்கண்ணா. நான் சொல்ற வரைக்கும் உட்றாதீங்க," என்று கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

தேவராஜ் சட்டதிட்டங்களைச் சொன்னார். "இந்தச் சிவப்புக் கயித்தைத் தொடவே கூடாதுங்க. தரையில இறங்கறப்ப முட்டியை மடக்கி உட்கார்ந்துக்கோங்க, அடிபடாது."

அடிபடாது என்று கேட்ட உடனே இருவரும் முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள்.

தலைக்கு மேலே அடுப்பு புஸ்ஸென்று எரிந்தது. "இவ்வளவு பெரிய அடுப்பு வச்சிருக்காங்க, ஒரு பாத்திரம் வைக்க இடம் விடலியே," என்று வேம்பு வருத்தப்பட்டான். பலூன் எழும்பியது.

"எந்திரிச்சுப் பாருங்கண்ணா! மலை எத்தனை அழகா தெரியுது!"

"அழகா இருக்கட்டும் தம்பி. நான் போன மாதிரியே திரும்பணும்," என்றான் தவசி, கூடையின் பிரம்பைப் பார்த்துக்கொண்டே. பிரம்பு நன்றாகப் பின்னியிருந்தது.

பலூன் உயரவே மாட்டேன் என்றது. தேவராஜ் எட்டிப் பார்த்தார். கீழே கயிற்றின் நுனியில் இசக்கி தொங்கிக்கொண்டிருந்தான்.

வேம்புவும் எட்டிப் பார்த்தான். "ஏல இசக்கி! உன்னையக் கீழதானே இருக்கச் சொன்னோம்?"

"கீழதாண்ணே இருக்கேன். நீங்கதான் மேல இருக்கீங்க."

"அதுவும் சரிதான். கயித்தை விட்டுறாத."

"அந்த ஆளு இன்னும் சொல்லலைண்ணே."

தேவராஜ் அலறிக்கொண்டே கயிற்றை இழுத்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து இசக்கியைக் கூடைக்குள் போட்டார்கள். கயிறு மட்டும் அவன் கையிலேயே இருந்தது.

இழுத்த அவசரத்தில் தேவராஜ் அடுப்பைக் கவனிக்கவில்லை. பாரமும் அதிகம், பலூன் சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. எதிரே தென்னந்தோப்பு. அடுப்பை முழுதாக எரித்தும் கேட்கவில்லை.

"பாரத்தைக் குறைங்க! ஆளில்லாத தோப்புதான், அந்தக் கல்லைத் தூக்கிப் போடுங்க!"

தவசி பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாலு பேரா வந்தோம் தம்பி. மூணு பேரா போனா மாமா பொண்ணு தர மாட்டாரு. செண்பகத்தை வேற எவனாவது கட்டிக்கிட்டுப் போயிருவான்."

வழிக்குக் கட்டிக்கொண்டு வந்த சோற்று வாளியைப் போட்டார்கள். செருப்பைப் போட்டார்கள். சட்டையைக் கழற்றிப் போட்டார்கள். வேட்டியும் போயிற்று. மூவரும் அரை டவுசரோடு நின்றார்கள். பெரியவர் சட்டையில் மட்டும் கை வைக்கவில்லை. வயதானவரை அப்படிச் செய்யலாமா?

பலூன் இன்னும் இறங்கியது. வேம்பு தாடையைத் தடவினான்.

"அண்ணே, நாம போன மாதிரியே திரும்பணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இதுல நம்ம கூட ஊருல இருந்து வராத ஆளு யாரு?"

மூன்று பேரும் யோசித்தார்கள். பிறகு மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி தேவராஜைப் பார்த்தார்கள். பார்வையில் பகை ஒன்றும் இல்லை. அன்பாகத்தான் பார்த்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றான் தவசி.

அந்த நேரம் கூடை ஒரு தென்னை மரத்தின் தலையை உரசியது. தேவராஜ் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. தாமாகவே மட்டையைப் பிடித்துத் தாவி மரத்தோடு ஒட்டிக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்காக இப்படி விட்டுக்கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

பாரம் குறைந்ததும் பலூன் ஜம்மென்று மேலே போயிற்று. மரத்து உச்சியிலிருந்து தேவராஜ் கத்தினார்.

"சிவப்புக் கயித்தை இழுங்க! சிவப்புக் கயித்தை இழுங்க!"

கூடைக்குள் பஞ்சாயத்து கூடியது.

"தொடவே கூடாதுன்னு சொன்னாரு. இப்ப இழுக்கச் சொல்றாரு. எதைக் கேக்குறது?" என்றான் இசக்கி.

"ரெண்டையும் கேக்கணும்," என்றான் வேம்பு. "பாவம், நமக்காக மரத்துல இருக்காரு. தொடாம இழுக்கணும்."

பெரியவரிடம் உத்தரவு கேட்டு அவருடைய துண்டை மட்டும் வாங்கினார்கள். சிவப்புக் கயிற்றில் துண்டைச் சுற்றி, கயிற்றில் விரல்கூடப் படாமல் இழுத்தார்கள். உச்சியில் காற்று வெளியேறி, பலூன் அசைந்து அசைந்து ஒரு கடலைக் காட்டில் போய் உட்கார்ந்தது. துண்டை உதறிப் பெரியவர் தோளிலேயே திரும்பப் போட்டார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தேவராஜையும் தேங்காய் பறிக்கிறவர்கள் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு சைக்கிளில்கூட ஏறவில்லை என்று சொல்கிறார்கள்.

ஊர் பஸ் ஸ்டாப்பில் கோமதிநாயகம் காத்திருந்தார். முதலில் பெரியவர் இறங்கினார். அவர் பின்னால் அரை டவுசரோடு மூன்று பேர்.

"போன மாதிரியே வந்துட்டோம் மாமா. நாலு பேரும்," என்றான் தவசி.

கோமதிநாயகம் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். சட்டை இல்லை, வேட்டி இல்லை, செருப்பு இல்லை. பிறகு பெரியவரைப் பார்த்தார். சட்டை அப்படியே, வேட்டி அப்படியே, தோளில் துண்டு அப்படியே.

"போன மாதிரியே திரும்பி வந்தது இவரு ஒருத்தர்தான்," என்றார். "நான் சொன்ன சொல் மாற மாட்டேன். எம் பொண்ணு இவருக்குத்தான்."

கோமதிநாயகமும் முடுக்கன்குறிச்சியில் பிறந்தவர்தானே.

தவசி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். வேம்புதான் முன்னால் வந்தான்.

"மாமா, இவரு எங்க அம்மா கூட அவங்க பிறந்த வீட்டுல இருந்து வந்தவரு. அப்ப எங்களுக்கு என்ன முறை?"

"அம்மா வழின்னா மாமா முறை."

"உங்களையும் நாங்க மாமான்னுதானே கூப்பிடுறோம்? அப்ப நீங்களும் இவரும்?"

கோமதிநாயகத்துக்கு வியர்த்துவிட்டது. "அண்ணன் தம்பி! அடப் பாவமே, செண்பகத்துக்கு இவரு பெரியப்பா முறைல்லா! எவ்வளவு பெரிய பாவம் பண்ண இருந்தேன்! தவசி, எந்திரி. நீதான் மாப்பிள்ளை. வார முகூர்த்தத்துலயே தாலி கட்டு."

சொல்லிவிட்டுப் பெரியவரைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, இவ்வளவு காலம் உங்களை விசாரிக்காம இருந்துட்டேனே," என்று அழுதார். அழுத கையோடு வண்டி பிடித்து, அண்ணனைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் இவர்கள் மூன்று பேர் மட்டும் நின்றார்கள். மூன்று பேராக எப்படிப் புறப்படுவது? இசக்கி ரோட்டோரத்துக் கல் ஒன்றைக் காட்டினான்.

"யாரு எவருன்னு தெரியாத ஆளை எப்படிலே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றான் வேம்பு.

அதனால் முகூர்த்த நாள்வரை அங்கேயே இருந்தார்கள். செண்பகம் வீட்டிலிருந்து வேளா வேளைக்குச் சோறு வந்தது. கல்யாணமும் பஸ் ஸ்டாப்பிலேயே நடந்தது. தவசி தாலி கட்டினான். பூசாரி திருநீறு பூசி, "இனிமே நீங்க ரெண்டு பேரு இல்ல, ஒரே ஆளு. அப்படியே நல்லா இருக்கணும்," என்று வாழ்த்தினார்.

மாலையும் கழுத்துமாகத் தவசியும் செண்பகமும், பின்னால் வேம்புவும் இசக்கியும், ஆக நாலு பேர் நிம்மதியாக வீட்டைப் பார்த்து நடந்தார்கள். தவசிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

பாதி வழியில் செண்பகம் டக்கென்று நின்றாள்.

"ஏங்க, நானும் நீங்களும் இனிமே ஒரே ஆளுன்னு பூசாரி சொன்னாரே?"

"ஆமா."

"அப்ப நாம மூணு பேருதானே வாரோம்?"

மூவரும் மலைத்துப் போனார்கள். வேம்பு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நம்ம குடும்பத்துக்குன்னே பிறந்த பொண்ணு," என்றான்.

தவசி பெருமையாக வேட்டியை மடித்துக் கட்டி, பெண்டாட்டிக்கு ரோட்டோரத்தில் நல்ல நிழலாகப் பார்த்துத் துண்டை விரித்தான். நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.