வெள்ளிங்கிரி துலக்கி வெச்ச பேனாக்கத்தி

ஒரு ஊர்ல ஒரு கத்திப் பைத்தியம் இருந்தாராம். கண்ணை உருட்டாதடி, ஆளை மிரட்டுற கத்தி இல்ல. மடக்கிச் சட்டைப்பையில போட்டுக்குவாங்களே, பேனாக்கத்தி, அது. அவர் பேரு வெள்ளிங்கிரி, ஊரு குன்னூர். டீ ஃபேக்டரியில மிஷின் பார்த்து ரிட்டையர் ஆனவர். பழைய பேனாக்கத்தி எங்க கிடந்தாலும் பொறுக்கிட்டு வந்துடுவார். நீ கூழாங்கல்லைப் பொறுக்கிட்டு வந்து அத்தை தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்கிறியே, அதே கதைதான். "ம்" சொல்லு, அப்பதான் எனக்கு மேல வரும்.

"ம்."

அப்புறம், கத்தியைப் பார்த்ததும் அதோட ஜாதகத்தையே சொல்லிடுவாராம். "டக்"னு திறப்பார். அலகு மடங்குற இடத்துக்கிட்ட, செஞ்சவங்க முத்திரை பொடிசா பொறிச்சிருக்கும். லென்ஸ் வெச்சு அதைப் பார்ப்பார். அப்புறம் பிடியைப் பார்ப்பார், கொம்பா, பிளாஸ்டிக்கான்னு. சந்தேகம் வந்துச்சுன்னா ஊசியைக் காய்ச்சி ஓரத்துல ஒரு தொடு, "சுர்ர்"! முடி கருகின நாத்தம் வந்தா கொம்பு. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட மாமா கத்தியை வாங்கி அப்படிச் சுட்டு மோந்து பார்க்க, பந்தியில பாதி இலையோட எழுப்பி விட்டுட்டாங்களாம். அப்பவும், "கொம்புதானுங்க, சந்தேகமே இல்ல"ன்னு சொல்லிட்டேதான் எழுந்தாராம்.

பக்கத்து வீட்டுல மயிலாத்தான்னு ஒரு தையல்காரம்மா. அவங்க அப்பா பூங்காவுல தோட்டக்காரர், ரோஜாச் செடிக்கு ஒட்டுக் கட்டுறவர். அவர் போனப்புறம் அவர் ஞாபகமா மிஞ்சினது ஒரே ஒரு பேனாக்கத்திதான். ஃபோட்டோ கூடக் கிடையாது. மான் முத்திரை, கொம்புப் பிடி, அலகெல்லாம் கருகருன்னு இருக்கும். மயிலாத்தா அதைத் தினமும் கையில எடுத்துப் பார்ப்பா.

அப்போ ஆடி மாசம். மயிலாத்தா மகளுக்குப் பிரசவம் பார்க்கத் திருப்பூர் போகணும். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கத்தி எதுக்குன்னு வெள்ளிங்கிரிகிட்ட வந்தா. "அண்ணா, மூணு மாசம் பத்திரமா வெச்சிருங்ணா."

"ஏன் அம்மிணி, கத்தியைப் பத்தி எனக்கேவா? பழைய கத்தியைத் தேய்க்கவே கூடாது. அந்தக் கருப்பு இருக்கே, அதுதான் அதுக்குச் சட்டை. முத்திரை அழிஞ்சா கத்தி அநாதை"ன்னு அரை மணி நேரம் பேசித்தான் வாங்கி வெச்சார்.

"ம்."

பரவால்லயே, முழிச்சுத்தான் இருக்கே.

முதல் மாசம் என்ன பண்ணினார்? அடுத்தவங்க பொருளாச்சேன்னு புதுசா ஒரு தோல் உறை தைக்கச் சொல்லி உள்ள போட்டார். குன்னூர் மழையைக் கேக்கணுமா, "சோ"ன்னு விடாம ஊத்துது. தோல் ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு ஊறிப் போச்சு. திறந்து பார்த்தா அலகு முழுக்கச் சிவப்புச் சிவப்பா துரு.

ரெண்டாவது மாசம், துருவுக்கு மருந்துன்னு தேங்காய் எண்ணெயைக் கடகடன்னு ஊத்தினார். அந்தக் குளிருக்கு எண்ணெய் அப்படியே நெய்யா உறைஞ்சிடுச்சு. கத்தி திறக்கவே மாட்டேங்குது. நகத்தை வெச்சு இழுத்தார், நகம் "படக்". கடைசியில டீக் கெட்டில் ஆவியில காட்டி, ஃபேன் காத்து மாதிரி ஊதி ஊதி, "பொளக்"னு வந்துச்சு. நாப்பது கத்தி வெச்சிருக்கிற மனுசரு! சிரிக்காத, தூக்கம் போயிடும்.

மூணாவது மாசம் ஆயுத பூஜை. மறுநாளே மயிலாத்தா வர்றான்னு சேதி. ஊரெல்லாம் அருவாள்மனையிலிருந்து சைக்கிள் வரைக்கும் துலக்கிப் பொட்டு வைக்குது. அவரோட கத்திங்களுக்கு மட்டும் துலக்கல் கிடையாது, பெட்டிக்கு மேலதான் பொட்டு. ஆனா மயிலாத்தா கத்தியைப் பார்த்தார். துரு, பிசுக்கு. வாங்கின பாத்திரத்தைத் துலக்காம திருப்பித் தர்ற பழக்கம் நம்மகிட்ட உண்டா? இல்லையே! உக்காந்தார். புளி, செங்கல் தூள். "சரக் சரக், சரக் சரக்."

அப்புறம் கழுவிப் பார்த்தா, அடேயப்பா, கண்ணாடி கெட்டுச்சு! அவர் மூஞ்சியே அதுல தெரியுது. பெருமையா லென்ஸை எடுத்து முத்திரையைப் பார்த்தார். மானைக் காணோம். கொம்பும் இல்ல, காலும் இல்ல. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணின மனுசரு! அன்னிக்குப் பொரி கடலையைக் கூடத் தொடல. ஒரு பொம்பளை நம்பிக் கொடுத்த அப்பாவையே தேய்ச்சுட்டோமேன்னு நிஜமாவே அழுதாராம்.

"பாவம்."

பாவந்தான். ஆனா கேளு, அந்தப் பாவத்துக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்துச்சு. அவர் பெட்டியில அதே மான் முத்திரையில ரெண்டு கத்தி இருந்துச்சு, உசிராட்டம் வெச்சிருந்தது. அதுல ஒண்ணைக் கொடுத்துட்டா அவளுக்கு என்ன தெரியப் போகுது?

மயிலாத்தா வந்தா. கையில ஒரு பேரிக்காய். வெள்ளிங்கிரி முதல் கத்தியை நீட்டினார், அவர் பெட்டியிலேயே ஒசத்தியானது. அவ "டக்"னு திறந்து பேரிக்காய்த் தோலைச் சீவினா. தோலு மெல்லிசா, சுருள் சுருளா, அறுபடாம வந்துச்சு.

"இது நம்மளுது இல்லீங்ணா."

"அட, மான் முத்திரை பாரு அம்மிணி!"

"மான் இருக்கட்டுமுங்ணா. எங்கப்பன் கத்தி இத்தனை நல்லா வெட்டாதுங்க."

அவர் ரெண்டாவதை நீட்டினார். அதுவும் மெல்லிசா சீவுது. "இதுவும் இல்லீங்ணா."

மூணாவதை நீட்டவே அவருக்குக் கை வரல. நீட்டினார். பளபளன்னு மின்னுது. மயிலாத்தா அடையாளமே தெரியாமப் பார்த்தா. அப்புறம் பேரிக்காயில வெச்சா. தோலு தடிதடியா, கோணக் கோணையா, பாதிப் பழத்தோட வந்துச்சு. அவங்க அப்பா இடது கைக்காரர். அவர் கைக்குத் தீட்டித் தீட்டிக் கூர் அந்தப் பக்கமா சாஞ்சு போச்சு. வலது கைக்காரங்களுக்கு அது என்னிக்கும் முரண்டுதான் பிடிக்கும்.

"இதுதானுங்ணா"ன்னா. சொன்ன கையோட அழுதுட்டா.

வெள்ளிங்கிரி தோல் உறையைச் சொன்னார், எண்ணெயைச் சொன்னார், புளியைச் சொன்னார், மாத்திக் கொடுக்கப் பார்த்ததையும் சொன்னார். ஒண்ணையும் ஒளிக்கல. "என் பெட்டியில இருக்கிற அத்தனையும் எடுத்துக்க அம்மிணி"ன்னார்.

"எனக்கெதுக்குங்ணா உங்க நாப்பது? அந்தக் கருப்பு அழுக்கு இல்லீங்ணா. எங்கப்பன் முப்பது வருஷம் அறுத்த ரோஜாக் காம்போட சாறு. அதைப் போயி..." கத்தியை மோந்து பார்த்தா. தேங்காய் எண்ணெய் வாசம். அழுகைக்கு நடுவுல அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "இதென்னங்ணா, தலை வாரிப் பூ வெக்கறதுதான் பாக்கியா?"

"ம்..."

என்ன ம் இழுக்குது? இன்னும் கொஞ்சந்தான்.

அப்போ மயிலாத்தா வீட்டுக்குப் போய்த் தையல் மிஷின் எண்ணெய் எடுத்துட்டு வந்து, மடங்குற இடத்துல ஒரே ஒரு சொட்டு விட்டா. பேரிக்காயை ரெண்டா அறுத்து, பாதியை வெள்ளிங்கிரி கையில வெச்சு, "தின்னுங்க"ன்னா. ஒரே புளிப்பு. கோணின மூஞ்சியோட தின்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவ ஈரத்தைத் துடைச்சுட்டு அலகை வெளிச்சத்துல காட்டினா. பளபளப்புக்கு நடுவுல, பழம் பட்ட இடத்துல மங்கலா ஒரு கறை. துடைச்சும் போகல.

வெள்ளிங்கிரி பதறிட்டார். "அச்சச்சோ, கறை!"ன்னு வேட்டி நுனியோட கையைக் கொண்டு போனார்.

அவ அந்தக் கையில "பட்"டுனு ஒண்ணு போட்டா. "தொட்டீங்கன்னா இருக்கு! எங்கப்பனுது போச்சு. இது என்னுது, இன்னிக்கு ஆரம்பிச்சிருக்கேன். என் பேரன் கைக்குப் போறதுக்குள்ள கருகருன்னு ஆக்கிக் காட்டுறேன்"ன்னா.

அவ்ளோதான், கதையை மடக்கிப் பையில போட்டாச்சு, டக். நீயும் காலை மடக்கிப் போர்வைக்குள்ள போ.

"..."

அடிப்பாவி, எப்போ தூங்கினே?