நூற்று இருபத்தாறு பேர்

“ஒரு காலேஜ் பொய் சொல்லுது டீச்சர். எந்தக் காலேஜ்னு தெரிஞ்சுபோச்சு. எப்படிச் சொல்லுதுன்னுதான் தெரியலை.”

பூவலிங்கம் நின்றபடியே சொன்னார்.

“உட்காருங்க சார்,” என்றார் ஜெபக்கனி டீச்சர்.

அதன்பிறகுதான் உட்கார்ந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்தாறு. தபால் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றதும், மாலை வகுப்பில் சேர்ந்து டீச்சரிடம் புள்ளியியல் படித்தவர். கூடப் படித்த பையன்கள் அவரைத் தாத்தா என்றார்கள். அவரைத் தவிர யாரும் வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்ததில்லை.

மேஜையில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கிடந்தன. டீச்சர் அவற்றை ஓரமாகத் தள்ளி இடம் செய்தார்.

பூவலிங்கம் தன் பட்டியலை விரித்தார்.

ஓர் அறக்கட்டளைக்காக அவர் தயாரித்த பட்டியல் அது. மூன்று மாவட்டங்களில் உள்ள இருபத்துமூன்று கலைக் கல்லூரிகள். போன ஆண்டு படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போனார்கள் என்று கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு, வரிசைப்படுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் அச்சுக்குப் போக வேண்டும். அவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பட்டியலில் கடைசியாக வரும் கல்லூரிக்கு அறக்கட்டளை விட்டிருக்கும் பேருந்து நின்றுவிடும். அந்தப் பேருந்து முதல் கல்லூரிக்குப் பரிசாகப் போய்விடும்.

“கடைசி யாரு?” என்று கேட்டார் டீச்சர்.

“செங்கரடு மகளிர் கல்லூரி. நாற்பத்தாறு.”

“முதல்?”

“நகரத்துக் கல்லூரி. தொண்ணூற்றைந்து.”

“பொய் சொல்றது?”

“செங்கரடுதான்.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “கடைசியா வர்றதுக்கா சார் பொய் சொல்வாங்க?”

“அதான் எனக்கும் பிடிபடலை டீச்சர்.”

பட்டியலுக்குப் பின்னால் பெயர்த்தாள்கள் இருந்தன. சில பெயர்களின் குறுக்கே நீலக் கோடு ஓடியது. அளவுகோல் வைத்துப் போட்ட நேர்க்கோடு.

“இது என்ன?”

“தொடர்பில் இல்லாதவங்க. மூணு நாள், மூணு தடவை போன் போடுவோம். எடுக்கலைன்னா பேரை அடிச்சிட்டு, மொத்தத்துலேருந்து கழிச்சிடுவோம். பதினோரு வருஷமா இந்தப் பட்டியலுக்கு அதான் முறை.”

“நகரத்துக் கல்லூரியில எத்தனை பேரை அடிச்சீங்க?”

“இருநூற்று நாற்பத்தாறுல நூற்று இருபத்தாறு. மிச்சம் நூற்று இருபது. அதுல நூற்றுப் பதினாலு பேர் வேலை, படிப்புன்னு நல்லா இருக்காங்க.”

“செங்கரட்டுல?”

பூவலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

“ஒருத்தரைக்கூட இல்லை டீச்சர். நூற்று எழுபத்தொரு பேரும் கிடைச்சிட்டாங்க. போன் எடுக்கலைன்னு சொன்னா மறுநாளே வேற நம்பர் தர்றாங்க. அதுல ஆள் எடுக்குது. புருஷன் வீட்டுக்குப் போன பிள்ளை, சிம்மைத் தூக்கிப் போட்ட பிள்ளை, ஒண்ணுகூடவா இருக்காது? எல்லாம் ரொம்பச் சுத்தமா இருந்தா யாரோ கை வெச்சிருக்காங்கன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

“சொன்னேன்.”

டீச்சர் நீலக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தபால்ல, விலாசத்துல ஆள் இல்லைன்னா என்ன செய்வீங்க சார்?”

“காரணத்தை மேலே எழுதித் திருப்பி அனுப்புவோம்.”

“கிழிச்சுப் போட்டுட மாட்டீங்களா?”

பூவலிங்கம் பதறிப்போனார். “என்ன டீச்சர்! வேலையே போயிடும்.”

டீச்சர் ஒரு விடைத்தாளை இழுத்துத் திருத்த ஆரம்பித்தார். கடைசிக் கேள்வி வரை திருத்தி, மதிப்பெண்ணைக் கூட்டி, வட்டமிட்டார்.

“செங்கரட்டுக்குப் போயிட்டு வாங்க சார்,” என்றார். “பேனா கொண்டு போகாதீங்க.”

 

மறுநாள் காலை பூவலிங்கம் அந்தப் பேருந்திலேயே போனார்.

நிற்க இடமில்லை. பதினோரு ஊர்ப் பிள்ளைகள். படிக்கட்டுப் பக்கம் ஒருத்தி கம்பியில் சாய்ந்து பாடம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.

“உட்காருங்க தாத்தா. நீங்க எந்த டிபார்ட்மென்ட்?”

பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் உலகம்மாள் அவரைப் பார்த்ததும் முகம் சுருங்கினார். பட்டியல்காரர் என்று தெரியும்.

“கணக்கெடுக்க வரலைம்மா. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்.”

“கடைசி பெஞ்சுல உட்காருங்க சார். அதுக்குத்தான் இங்க போட்டி. இன்னைக்கு உங்களுக்கு விட்டுக்கொடுப்பாங்க.”

வருகைப் பதிவு தொடங்கியது.

“பதினொன்று.”

“உள்ளேன் மேடம்.”

“பன்னிரண்டு.”

பதில் இல்லை. உட்கார்ந்துவிட்ட பதினொன்றே மறுபடி எழுந்தாள்.

“அவங்க அக்காவுக்கு வளைகாப்பு மேடம். நாளைக்கு வந்துருவா. உங்களுக்கு எலுமிச்சைச் சாதம் கொண்டு வர்றாளாம்.”

“எனக்கு மட்டுமா?”

“எங்களுக்கும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தேன் மேடம். வண்டி வெச்சு வந்து அள்ளிக்கிட்டுப் போங்கடிங்கிறா.”

உலகம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். எண்கள் தொடர்ந்தன.

“பத்தொன்பது.”

பதில் இல்லை.

பதினெட்டு எழுந்தாள்.

“எங்க அவ?”

“தெரியலை மேடம்.”

உலகம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

“போன் போட்டியா?”

“நேத்தும் போட்டேன். இன்னைக்கும் போட்டேன். எடுக்கலை.”

“போய்ப் பார்த்துட்டு வா. தனியாப் போகாதே. இருபது, நீயும் கூடப் போ.”

இரண்டு பிள்ளைகளும் பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் போனதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மீதி எண்களை வாசித்து முடித்துவிட்டு, உலகம்மாள் பாடத்தை ஆரம்பித்தார்.

மூன்றாவது மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். விரல் நுனியெல்லாம் பச்சை.

“மல்லிப்பூ பறிக்கிறா மேடம். அவங்க அம்மாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. போன் தண்ணியில விழுந்துருச்சாம். நாங்களும் ரெண்டு வரிசை பறிச்சுக் கொடுத்துட்டு வந்தோம்.”

“திங்கக்கிழமை வருவாளா?”

“அவங்க அம்மா எந்திரிச்சா வருவா.”

“எந்திரிக்கலைன்னா?”

“நாங்க போவோம்.”

வகுப்பு முடிந்ததும் பூவலிங்கம் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

வராதவர்களின் கட்டத்தில் வேறு கல்லூரிகளில் ஒரு குறி இருக்கும். இங்கே கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கிச் சொற்கள் இருந்தன.

காய்ச்சல். வளைகாப்பு. மல்லி. பஸ்ஸை விட்டாச்சு. மல்லி. அப்பா அடி. மல்லி. பெண் பார்க்க வந்தார்கள். அப்பா அடி.

“முந்தின நம்பர் பதில் சொல்லணும்னு சட்டம் ஏதும் இருக்கா?”

“சட்டமெல்லாம் இல்லை சார். நான் இங்க படிக்கும்போதும் இப்படித்தான். எனக்கு முந்தின நம்பர் கோமளம். இன்னைக்கும் உலகம்மா எங்கேன்னு கேட்டா அவதான் சொல்லணும். பட்டம் வாங்கினதும் நிறுத்திக்கணும்னு எங்ககிட்ட யாரும் சொல்லலை.”

பூவலிங்கம் ஒரு பெயரை நினைவில் வைத்திருந்தார். பேச்சித்தாய். போன ஆண்டு முடித்தவள். மூன்று போன் நம்பர் மாறியதால் அப்படி ஒருத்தியே இல்லை என்று அவர் முடிவு கட்டியிருந்த பெயர்.

உலகம்மாள் பதிவேட்டில் அவளுக்கு முந்தின நம்பர் பிள்ளையைக் கூப்பிட்டு, போனை அவரிடம் கொடுத்தார். பின்னால் ஜவுளிக்கடை இரைச்சல் கேட்டது.

“பேச்சியா? மாமியார் வீட்டுல இருக்கா சார். மாமியார் பக்கத்துல இருந்தா போன் எடுக்க மாட்டா. நாலு மணிக்குத் தண்ணி எடுக்க வருவா, அப்போ போடுங்க. நீங்க யாரு?”

“பட்டியல் எடுக்கிறவன்மா. அவளுக்கு வேலை இல்லைன்னு போட்டிருக்கேன்.”

“போடுங்க. இப்போ இல்லைதான். பரீட்சைக்குப் புத்தகம் நான் வாங்கி வெச்சிருக்கேன். மாசத்துக்கு ஒண்ணு பைக்குள்ள வெச்சுக் கொடுத்துட்டு வர்றேன். எழுதிருவா சார்.” கொஞ்சம் நிறுத்தி, “கஸ்டமர் வந்துட்டாங்க, வெச்சிடறேன்,” என்றாள்.

பூவலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“நீங்க கடைசியில வர்றீங்கம்மா. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“பஸ் போயிடும்.”

“போனா, பாதி வகுப்பு போயிடும்.”

“போன் எடுக்காத பிள்ளைங்களைத் தெரியாதுன்னு விட்டிருந்தா, பேரை அடிச்சிருப்பேன். கடைசியில வந்திருக்க மாட்டீங்க.”

உலகம்மாளுக்கு அது விளங்கவில்லை. சற்று யோசித்துப் பார்த்தார்.

“தெரிஞ்ச பிள்ளையை எப்படி சார் தெரியாதுங்கிறது?”

 

வெள்ளிக்கிழமை காலை பூவலிங்கம் டீச்சர் அறைக்குள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“அவங்க பொய் சொல்லலை டீச்சர். கணக்கைத் திருப்பிப் போட்டுட்டேன். அடிச்ச பேரையும் மொத்தத்துல சேர்த்தா நகரத்துக் கல்லூரி என்ன தெரியுமா? நாற்பத்தாறு! அதுவும் நாற்பத்தாறுதான்! இருநூற்று நாற்பத்தாறுல நூற்றுப் பதினாலு. பாருங்க, நீங்களே போட்டுப் பாருங்க.”

டீச்சர் போட்டுப் பார்க்கவில்லை.

“அப்போ அந்த நூற்று இருபத்தாறு பேரும் சும்மா இருக்காங்களா?”

“அப்படித்தானே டீச்சர் வருது?”

“யார் சொன்னது?”

பூவலிங்கம் தாளை ஒரு தடவை பார்த்தார்.

“அப்போ வேலையில இருக்காங்களா?”

“யார் சொன்னது?”

“பின்னே நான் எதைத்தான் போடறது?” அவர் பட்டியலைத் தூக்கிக் காட்டினார். “மதியம் அச்சுக்குப் போகணும் டீச்சர். தொண்ணூற்றைந்துன்னா அந்தப் பிள்ளைங்க பஸ் போச்சு. நாற்பத்தாறுன்னா நகரத்துக் காலேஜ்காரன் என் சட்டையைப் பிடிப்பான். நீங்க ஒரு எண் சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடறேன்.”

டீச்சர் கையை நீட்டினார்.

“அந்தத் தாளைக் கொடுங்க.”

“எதை?”

“நீங்க அடிச்ச பேரெல்லாம் இருக்கிற தாள்.”

நான்கு தாள்கள். கோடுகளுக்கு அடியில் பெயர்கள் நன்றாகவே தெரிந்தன.

டீச்சர் வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்றார்.

“அபிதா.”

வாசித்துவிட்டுக் காத்திருந்தார்.

பூவலிங்கம் வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

“அமலோற்பவம்.”

ஒரு பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்திருக்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

“அனீஸ் ஃபாத்திமா.”

காத்திருந்தார்.

“இளவேனில்.”

“புரிஞ்சுபோச்சு டீச்சர்.”

டீச்சர் நிறுத்தவில்லை.

“எட்வின்.”

மின்விசிறி சுற்றியது. அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“கதிரொளி.”

பூவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

“குருவம்மாள்.”

அப்போது அவர் போன் ஒலித்தது. அறக்கட்டளைத் தலைவர்.

“என்னய்யா பூவலிங்கம், கையெழுத்துப் போட்டாச்சா? அச்சகத்து ஆள் வந்து என் உயிரை எடுக்கிறான்.”

“இன்னும் போடலைங்கய்யா.”

“ஏன்?”

“நகரத்துக் கல்லூரியில நூற்று இருபத்தாறு பிள்ளைங்களைக் காணோம்.”

“காணோமா? கோழிக்குஞ்சாய்யா காணாமப் போறதுக்கு? போன வாரம்தானே எல்லாம் சரியா இருக்குன்னீர்?”

“போன வாரம் அவங்களைத் தேடலைங்கய்யா.”

“ஓய், நீர் கையெழுத்துப் போடாம நான் பஸ்ஸை மாத்த முடியாதுய்யா.”

“ஆமாங்கய்யா. மாத்த முடியாது.”

டீச்சர் அடுத்த பெயரை வாசித்துவிட்டுக் காத்திருந்தார்.

“எவன்யா தொலைச்சது அத்தனை பேரையும்?”

பூவலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

“நான்தான் அய்யா.”