உப்பு பார்த்த நண்டு

ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஓர் உப்பங்கழி. அந்தக் கழியில் உப்பு பார்க்கிற வேலை நண்டுக்கு.

தினமும் விடிந்ததும் நண்டு வளையைவிட்டு வெளியே வரும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, "நேற்று மாதிரியே இருக்கு! ஒரு குறையும் இல்லை!" என்று கத்தும். அதைக் கேட்ட பிறகுதான் இறால்கள் மேயக் கிளம்பும். அவ்வளவு மரியாதை! நண்டுக்குத் தலைகால் புரியவில்லை.

கழியின் அடியில் ஒரு பாறை. அதில் ஒரு சிப்பி தன் குஞ்சுகளோடு ஒட்டியிருந்தது. சிப்பி ஒட்டினால் ஒட்டினதுதான். தண்ணீர் கெட்டால் ஓடிப் போக அதற்குக் கால் ஏது?

ஒரு கோடையில் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து நீர்நாய் வந்தது.

"நண்டு அண்ணே, என் குட்டிகள் நீந்த ஒரு மடு வேணும். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு வரிசை கல் வைக்கட்டுமா? உங்களுக்கு உப்பு ஏறினா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"தாராளமா வை!" என்றது நண்டு. மறுநாள் குடித்துப் பார்த்தது. "நேற்று மாதிரியே இருக்கு!"

அடுத்த கோடையிலும் நீர்நாய் வந்து கேட்டது. அதே பதில். இன்னொரு வரிசை கல் ஏறியது. இப்படியே வருஷங்கள் போயின.

ஆறு மெலிந்தது. வெயில் சும்மா இருக்குமா? கழித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும், உப்பை இங்கேயே விட்டுவிடும். குறைந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் ஏறி வந்தது. அதுவும் உப்போடுதான் வந்தது. ஆனால் ஒரு நாளில் ஏறுகிற உப்பு எந்த நாக்குக்குத் தெரியும்?

ஒருநாள் சிப்பி கூப்பிட்டது. "அண்ணே, தண்ணி ரொம்பக் கரிக்குது! என் குஞ்சுகளுக்கு ஓடே வளரலை!"

"தினமும் குடிக்கிற எனக்குத் தெரியாதா? நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு துளி வித்தியாசம் கிடையாது!"

"நேற்றை விடுங்க அண்ணே. நான் இந்தப் பாறைக்கு வந்த வருஷம் எப்படி இருந்தது?"

நண்டு யோசித்தது. ஞாபகமே வரவில்லை. 'தெரியலை' என்று சொல்லத்தான் கௌரவம் விடவில்லை.

"அப்பவும் இப்படியேதான்!" என்றது. பாவி, அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சிப்பி அதை நம்பி வாயை மூடிக்கொண்டது.

கொஞ்ச நாளில் இறால்கள் ஒன்றுவிடாமல் கடலுக்குப் போய்விட்டன. காலையில் கத்தினால் கேட்க ஆளில்லை. நண்டுக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஆற்றோரமாகவே நடந்து, நீர்நாயின் கல்லணையில் ஏறி, அந்தப் பக்கத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்தது. அப்படியே நின்றுவிட்டது. முன்பெல்லாம் கழித் தண்ணீரில் இந்த ருசி பாதிக்குப் பாதி கலந்திருந்தது அதற்கு ஞாபகம் வந்தது.

"அடப்பாவி! கழியையே கெடுத்துட்டியே!" என்று நீர்நாயிடம் பாய்ந்தது.

நீர்நாய் திகைத்தது. "வருஷா வருஷம் வந்து கேட்டேனே அண்ணே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 'கரிக்குது'ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே கல்லை எடுத்திருப்பேனே!"

நண்டு ஒரு கல்லைக் கொடுக்கால் பிடித்து இழுத்தது. இரண்டும் சேர்ந்து கற்களை உருட்டித் தள்ளின. ஆறு திமுதிமுவென்று கழிக்குள் இறங்கியது. நண்டு அதற்கு முன்னால் பாறைக்கு ஓடியது.

"தங்கச்சி! நல்ல தண்ணி வருது! குடி!"

சிப்பியின் ஓடு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சுற்றிலும் நகக்கண் அளவு குஞ்சு ஓடுகள், அவையும் திறந்தே கிடந்தன. நண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. ஒன்றுகூட மூடிக்கொள்ளவில்லை.

சிறுகச் சிறுக வரும் கேட்டை நேற்றோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவன், தன்னை நம்பியவர்களை இழந்த பிறகுதான் அதை அறிவான்.