கொலு பார்க்குல பொட்டுக்குட்டி

சித்தி கதை சொல்லணும்னா நீ ‘ம்’ கொட்டணும், சிட்டு. தலகாணியைச் சரியா வெச்சுக்கோ.

ஒரு ஊர்ல ஒரு மாடி வீடு. அந்த வீட்டுல மஞ்சரின்னு ஒரு பொண்ணு. அவகிட்ட ஒரு பூனைக்குட்டி. நெத்தியில கறுப்பா ஒரு பொட்டு, அதனால பேரே பொட்டு. உன் உள்ளங்கையில உக்காரும், அவ்ளோதான். ம்?

ஆனா பொட்டு கண்ட இடத்துல மூச்சா போச்சு. மிதியடியில போச்சு, மடிச்சு வெச்ச புடவையில போச்சு. அம்மாவுக்கு வந்துதே கோவம்!

“கொலு வைக்கற அன்னைக்கு வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள அது மண்ணுல போகப் பழகணும். இல்லேன்னா மீன் மார்க்கெட்டுல விட்டுடுவேன்.”

“பழக்கறேன். என் பொட்டை நான் விட மாட்டேன்”னா மஞ்சரி.

அப்புறம் ஒரு வாளியில மண்ணைக் கொட்டி வெச்சா. பொட்டு எம்பி எம்பிப் பார்த்துது. தொபுக்! மல்லாக்க விழுந்துது. எழுந்து நேரா மிதியடிக்குப் போச்சு.

அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி. மூடி போட்டு, வாசல் மாதிரி ஓட்டை போட்டு வெச்சா. உள்ள ஒரே இருட்டு. பொட்டு மூக்கை மட்டும் நீட்டி, ‘மியா’ன்னு பின்னாடியே வந்துடுச்சு. மறுபடியும் மிதியடி.

“விட்டுடேன்டீ”ன்னா அம்மா.

“மாட்டேன்.”

அப்புறம் அகலமா ஒரு பிளாஸ்டிக் தட்டு. உசரமும் இல்லை, மூடியும் இல்லை. சரிதானே? ஆனா நாத்தம் வரக்கூடாதுன்னு மண்ணு மேல பினாயிலை ஊத்திட்டா, அசடு! பொட்டு கிட்ட வந்துது. ஹச்! ஹச்! ஓடியே போச்சு. எங்கேன்னு நீயே சொல்லு. ம், மிதியடிதான்.

அப்போ கொலு நாளும் வந்துடுச்சு. படி கட்டியாச்சு, பொம்மை அடுக்கியாச்சு, கீழ பார்க் போடணும். வேற தட்டு இல்லை. மஞ்சரி மூக்கை உறிஞ்சிக்கிட்டே அதே தட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினா. புது மண்ணைச் சலிச்சுக் கொட்டி, பெஞ்சு, மரம், நடுவுல கை தூக்கின போலீஸ்காரர் பொம்மை எல்லாம் வெச்சா.

சாயங்காலம் எதிர் வீட்டு கமலி மாமி வெத்தலை பாக்கு வாங்கிக்க வந்தா. பாட வாயைத் திறந்தா பாரு, பொட்டு குடுகுடுன்னு வந்து பார்க்குக்குள்ள ஏறிடுச்சு. சர சர சர! பெஞ்சு சாஞ்சுது, மரம் விழுந்துது. நடுவுல உக்காந்து... ம், அதேதான்!

“என்னடீ கோமதி, பார்க்குல குளம் வெட்டுதா உன் பூனை?”ன்னு அம்மாவைக் கேட்டா மாமி.

அம்மா முகம் சிவந்துபோச்சு. “மஞ்சரி! இதை இப்பவே வெளியில கொண்டு போ!”

மஞ்சரி நகரலை. பொட்டுக்கு முன்னாடி போய் நின்னா. “அம்மா, அது மண்ணுல போச்சு! பினாயில்தான் அதுக்குப் பிடிக்கலை. கொலு அன்னைக்கு வரைக்கும்னு நீதானே சொன்னே?”

“கெடு இன்னும் முடியலையேடீ, கோமதி”ன்னா மாமி.

அம்மா சிரிப்பை அடக்கிப் பார்த்தா. முடியலை. “சரி, அந்தத் தட்டு அதுக்கே. பின்னாடி பால்கனியில வை. பினாயில் பாட்டிலைத் தொட்டே, அப்புறம் இருக்கு உனக்கு.”

அவசரத்துல மஞ்சரி போலீஸ்காரரை எடுக்க மறந்துட்டா. அவர் இன்னும் கையைத் தூக்கிக்கிட்டு அங்கேயே நிக்கறார். பொட்டு அவரை ஒரு சுத்து சுத்தி, வேலையை முடிச்சு, சர சரன்னு மண்ணைத் தள்ளி மூடும்.

அது குழியை மூடியாச்சு, நான் கதையை மூடியாச்சு. நீ கண்ணை மூடு.