கோசிக்கரையில் ஒரு குடிசை

மலைநாட்டின் ஏழு ஆறுகள் ஒன்றுகூடிச் சமவெளியில் இறங்குகிற இடத்தில், கோசி நதியின் மேற்குக் கரையில், பத்மா அம்மையார் என்ற துறவி இருந்தார். மூங்கில் தட்டியும் புல்கூரையுமாக ஒரு குடிசை. அவருக்கு வயது முப்பத்தைந்து. அவருடைய ஒரே சீடர் கேசருக்கு ஐம்பத்தெட்டு.

கேசர் மலையில் கொத்தனாராக இருந்தவர். போன வருஷம் குடிசைக்கும் ஆற்றுக்கும் நூறடி இருந்தது. இப்போது முப்பதடி. மழைக்காலம் தொடங்கப் பத்து நாள்தான். கரையை அரிக்கும் தண்ணீரைத் திருப்பிவிட, ஒரு மாதமாகவே கம்பிவலைக்குள் கல்லை நிரப்பி ஆற்றுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆறு நமக்கு உறவா, பகையா?" என்று கேட்டார். "எங்கள் ஊர் ஆறு கர்ணாலி என் அப்பாவுக்கு மணலில் பொன்துகள் கொடுத்தது. அதே கர்ணாலிதான் எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. கண்டகி ஆறு ஊர் உலகத்துக்கெல்லாம் சாளக்கிராமம் தருகிறது. நான் கட்டிய பாலத்தை மட்டும் இரண்டாம் வருஷமே உருட்டிவிட்டது. இந்தக் குடிசையையாவது விடமாட்டேன்."

"தர்பூசணி சாப்பிடலாம், வாருங்கள்" என்று அம்மையார் படகை அவிழ்த்தார்.

அக்கரை முழுக்க மணல். அங்குள்ள குடியானவர்கள் மணலில் குழி வெட்டி, எரு போட்டு, தர்பூசணிக் கொடி விட்டிருந்தார்கள். சுகியா என்ற பெண் ஒரு பழத்தை முழங்காலில் அடித்துப் பிளந்தாள்.

"இது எங்க நெல்வயல் சாமி. வெள்ளம் மணலைக் கொட்டிட்டுப் போச்சு. அழுது தீர்த்தோம். அப்புறம் இதைப் போட்டோம். தின்னு பாருங்க."

கேசர் தின்றார். அப்படி ஒரு இனிப்பு.

"ஒரு மாசமா தண்ணி இந்தப் பக்கம் முட்டுது. பத்து வரிசைக் கொடி போச்சு. அக்கரையில எவனோ புண்ணியவான் கல்லு அடுக்குறானாம். அவன் கையில..."

"இவர்தான்" என்றார் அம்மையார், விதையைத் துப்பிவிட்டு.

சுகியா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இன்னொரு கீற்றை நீட்டினாள். "இதையும் தின்னுட்டுப் போய்க் கல்லை எடுய்யா."

கேசர் கீற்றைக் கையில் வாங்கினார். "எடுத்தால் அம்மாவின் குடிசை போய்விடும், தாயே."

"போற வரைக்கும் அங்கேயே வச்சிருப்பீங்களா? எங்க வீட்டை நாலு தடவை தூக்கி இடம் மாத்தியிருக்கோம். எட்டுப் பேரை அனுப்புறேன். குடிசைக்குப் பதினாறு கால் முளைச்சிடும்."

திரும்பும்போது கேசர் கேட்டார்: "உங்களுக்கு முன்பே தெரியுமா, அம்மா?"

"நேற்றுக் குளிக்கும்போது காயோடு ஒரு கொடி மிதந்து வந்து காலில் சுற்றியது. அதுவரை எனக்கும் நம் கரைதான் தெரிந்தது."

மறுநாள் விடியும் முன்பே கேசர் கம்பிவலையை வெட்டத் தொடங்கினார். வெயில் ஏறியதும் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கூரை குலுங்கக் குலுங்கக் குடிசை நடந்தது. ஒரு மூலையைக் கேசரும் தாங்கினார். மேட்டில் ஏறியதும் இறக்கச் சொன்னார் அம்மையார்.

"இது போதாது அம்மா. ஆறே எட்டாத தூரத்துக்குப் போய்விடலாம்."

"ஆறே எட்டாத இடத்தில் நமக்கு எது விளையும், கொத்தனாரே? இங்கேயே இறக்குங்கள்."